இங்கிலாந்துக்கு வந்திருக்கும் நெல்லைக்காரர்களுக்கு: ஊரில் உயில் எழுதும் முன்

நம்மூரில் ஒருவர் தவறிவிட்டால் தாலுகா ஆபீஸில் வாரிசு சான்றிதழ் வாங்குவோம், பட்டா மாற்றுவோம், பேங்கில் நாமினி கையெழுத்துப் போடுவார். உயிலுக்கு கோர்ட்டில் புரோபேட், அதாவது உயில் செல்லும் என்று கோர்ட் தரும் உத்தரவு, வாங்குவது 2025 வரை மெட்ராஸ்காரர்கள் தலைவலியாக இருந்தது. பாளையங்கோட்டையில் யாரும் வாங்கி நான் பார்த்ததில்லை. இங்கே வாரிசு சான்றிதழ் என்ற பேச்சே கிடையாது. வீடு இறந்தவர் பேரில் மட்டும் இருந்தால், புரோபேட் இல்லாமல் விற்கவும் முடியாது, பேர் மாற்றவும் முடியாது.

மற்றதெல்லாம் சுருக்கமாக. மருத்துவச் சான்று பதிவாளர் ஆபீஸுக்குப் போய்ச் சேர்ந்த 5 நாளுக்குள் இறப்பைப் பதியணும். சான்றிதழில் ஆறேழு நகல் அன்றைக்கே வாங்கிக்கொள்ளுங்கள். கணவன் மனைவி கூட்டுக் கணக்கு தானாக மற்றவருக்குப் போய்விடும். புரோபேட்டுக்கு விண்ணப்பிக்க, உயில் இருந்தால் பிஏ1பி, இல்லாவிட்டால் பிஏ1ஏ படிவம். சொத்து 5,000 பவுண்டுக்கு மேல் என்றால் கட்டணம் 300 பவுண்டு. அசல் உயிலைத்தான் அனுப்பணும், அதுவும் ஸ்டேப்ளர் பின்னைக் கழற்றாமல். ஜெராக்ஸ் எடுக்கிறேன் என்று நகத்தால் நெம்பிவிட்டால், அந்த ஓட்டை எப்படி வந்தது என்று எழுதிக் கேட்பார்கள். சிரிக்காதீர்கள், நிஜம்.

இதையெல்லாம் சமாளித்துவிடலாம். எங்களைக் கவிழ்த்தது ஊரில் எழுதிய ஒரே ஒரு வரி.

இறந்துபோன என் அத்தான் லெஸ்டரில் வக்கீலிடம் முறையாக உயில் எழுதியிருந்தார், எல்லாம் அக்காவுக்கு என்று. மூணு வருஷம் கழித்து கோயில் கொடைக்கு ஊருக்குப் போனவர், பெருமாள்புரம் மனையைத் தம்பிக்கு எழுதி வைக்க ஒரு பத்திர எழுத்தரிடம் போய் உட்கார்ந்தார். அவர் கம்ப்யூட்டரில் கிடந்த பழைய உயில் ஒன்றைத் திறந்து, பேரையும் சர்வே நம்பரையும் மாற்றி அடித்துக் கொடுத்தார். கடைசிப் பாராவில் வழக்கமான வாசகம்: ‘இதற்கு முன் நான் எழுதிய உயில் ஏதுமிருப்பின் அது இதன் மூலம் ரத்தாகிறது, இதுவே எனது கடைசி உயில்.’ அத்தான் அதைப் படித்தாரோ என்னவோ. ரிஜிஸ்தர் பண்ணியாச்சு என்ற நிம்மதியில் அல்வா வாங்கிக்கொண்டு கிளம்பி வந்துவிட்டார்.

புரோபேட் படிவத்தில், வெளிநாட்டுச் சொத்துக்கு வேறு உயில் உண்டா என்று கேட்கிறார்கள். உண்டு என்றோம். மொழிபெயர்ப்பைப் படித்த வக்கீல் அந்த வரிக்குக் கீழே பென்சிலால் கோடு போட்டு எங்கள் பக்கம் திருப்பினார். பிந்திய உயில் முந்தியதை ரத்து செய்துவிட்டது என்று எடுத்துக்கொண்டால், லெஸ்டர் வீட்டுக்கு உயிலே இல்லை. அப்போது மனைவிக்கு முதல் 3,22,000 பவுண்டும் மீதியில் பாதியும்தான்; மறுபாதி பிள்ளைகளுக்கு, அதுவும் 18 வயசு வரை ட்ரஸ்டில், அதாவது பொறுப்பாளர் பிள்ளைகளுக்காக வைத்துப் பார்த்துக் கணக்குக் காட்டணும். “எம்புள்ளைக்கு நான் கணக்கு காட்டணுமோ?” என்று அக்கா கேட்டாள். என்னிடம் பதில் இல்லை.

அத்தான் மனசில் அந்த மனையைத் தவிர வேறெதுவும் இல்லை என்று காட்ட, ஊரில் சாட்சிக் கையெழுத்துப் போட்டவர்களைத் தேடிப் பிடித்து வாக்குமூலம் வாங்கினோம். எட்டு மாதம் போச்சு, ஒரு கார் வாங்குகிற காசும் போச்சு. பத்திர எழுத்தருக்கு போன் போட்டேன். “அது எல்லாருக்கும் போடுற வரிதானே அண்ணாச்சி” என்றார். எல்லாருக்கும் லெஸ்டரில் வீடா இருக்கு?

ஊர்ச் சொத்துக்குத் தனி உயில் எழுதுங்கள், தப்பில்லை. ஆனால் அந்த ரத்து வரியில் ‘இந்தியாவிலுள்ள எனது சொத்துக்களைப் பொறுத்தவரை மட்டும்’ என்று சேர்க்கச் சொல்லி, பக்கத்தில் உட்கார்ந்து படித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். இங்கே பிறகு எழுதும் உயிலும் ஊர் உயிலைத் தொடாதபடி இருக்கணும். இன்னொன்று, இங்கத்து உயிலில் சொத்து வாங்கப்போகிறவரோ அவர் மனைவியோ சாட்சிக் கையெழுத்துப் போட்டால் அவர் பங்கு செல்லாது. சித்தப்பா மகன்தானே என்று கூப்பிட்டுவிடாதீர்கள்.

இங்கத்து இறப்புச் சான்றிதழ் ஊரில் செல்ல அப்போஸ்டில் முத்திரை வேணும், அதாவது ஆவணம் உண்மையானது என்று இங்கத்து வெளியுறவுத் துறை தரும் சான்று. அதை வாங்கிக் கையோடு கொண்டு போயிருந்தோம். பாபநாசத்தில் அஸ்தி கரைத்த அன்றைக்கே தாலுகா ஆபீஸுக்கும் போய்விடலாம் என்றுதான் திட்டம். ஆற்றில் இறங்கி நின்ற பிறகு யாருக்கும் அங்கே போகத் தோன்றவில்லை. மனைப் பட்டா இன்னும் அத்தான் பேரில்தான் இருக்கிறது.