ஏர்பேக் லைட் எரியவே இல்லையா? இந்தத் தவறுகளைச் செய்யாதீர்கள்

சாவியை ஆன் நிலைக்குத் திருப்பியதும் மீட்டரில் ஏர்பேக் லைட் எரிந்து, பெரும்பாலான கார்களில் சில விநாடிகளில் தானாக அணைய வேண்டும். அந்த நேரத்தில்தான் ஏர்பேக் யூனிட், அதாவது ஏர்பேக்கைக் கட்டுப்படுத்தும் மின்னணுப் பெட்டி, தன்னைச் சோதித்துக்கொள்கிறது. லைட் எரியவே இல்லையென்றால் "கோளாறு எதுவும் இல்லை" என்று நினைப்பதுதான் முதல் தவறு. கோளாறு இருந்தாலும் அதை உங்களுக்குச் சொல்ல காரிடம் வழியில்லை, அவ்வளவுதான்.

பழைய கார் வாங்கும்போது இதை மறக்கவே கூடாது. விபத்தில் வெடித்த ஏர்பேக்கை மாற்ற நிறைய செலவாகும் என்பதால், பல்பைக் கழற்றிவிட்டு விற்பவர்கள் இருக்கிறார்கள். சிலர் ஏர்பேக் லைட்டை ஆயில் லைட்டின் வயரோடு இணைத்துவிடுவார்கள். எஞ்சின் ஓடத் தொடங்கியதும் இரண்டும் சேர்ந்து அணையும், பார்ப்பவருக்கு எல்லாம் சரியாகத் தெரியும். அதனால் ஏறியவுடன் எஞ்சினை ஸ்டார்ட் செய்துவிடாதீர்கள். ஆன் நிலையிலேயே பதினைந்து விநாடி காத்திருங்கள். பட்டன் ஸ்டார்ட் என்றால், பல கார்களில் பிரேக்கை மிதிக்காமல் இரண்டு முறை அழுத்த வேண்டும். ஆயில், பேட்டரி லைட்டுகள் எரிந்துகொண்டிருக்க, ஏர்பேக் லைட் மட்டும் தனியாக அணைய வேண்டும். என் மச்சான் பார்க்கப் போன ஒரு காரில் அது அணையவில்லை. ஸ்டார்ட் செய்த பிறகுதான் அணைந்தது. அந்த காரை அங்கேயே விட்டுவிட்டு வந்தோம்.

சொந்தக் காரில் திடீரென்று எரியாமல் போனால் முதலில் மற்ற லைட்டுகளைப் பாருங்கள். அவையும் எரியவில்லை என்றால் மீட்டரின் ஃபியூஸாக இருக்கலாம். இது மட்டும்தான் என்றால் பல்பு, மீட்டர் போர்டு, அல்லது அதற்கான வயரிங்.

மிக ஆபத்தான தவறு, ஏர்பேக் வயரிங்கின் மஞ்சள் நிற கனெக்டர்களில் மல்டிமீட்டரையோ டெஸ்ட் லேம்ப்பையோ வைப்பது. சிறிய மின்சாரமே ஏர்பேக்கை வெடிக்க வைக்கப் போதும். பேட்டரியைக் கழற்றிய உடனேயே அவற்றில் கை வைப்பதும் தவறுதான். யூனிட்டுக்குள் இருக்கும் கெப்பாசிட்டரில் மின்சாரம் கொஞ்ச நேரம் தங்கியிருக்கும். இதைப் பழகிய மெக்கானிக்கிடம் விட்டுவிடுங்கள்.

அப்புறம் ஸ்கேனர். காரில் செருகிக் கோளாறுகளைப் படிக்கும் மலிவான ஓபிடி கருவிகளில் பல, எஞ்சின் கோளாறுகளை மட்டுமே படிக்கும். அதில் ஒன்றும் வரவில்லை என்பதற்காக ஏர்பேக் நன்றாக இருக்கிறது என்று ஆகிவிடாது. ஏர்பேக் யூனிட்டையும் படிக்கும் ஸ்கேனர் வேண்டும்.

பல்பை மாற்றியதும் லைட் எரிந்து அணையாமல் நின்றால் "பழையபடியே இருக்கட்டும்" என்று மறுபடி கழற்றிவிடாதீர்கள். மறைந்திருந்த கோளாறு இப்போதுதான் வெளியே வந்திருக்கிறது. அது சீட்டுக்கு அடியில் தளர்ந்துபோன கனெக்டராகவோ, ஸ்டீயரிங்குக்குள் தேய்ந்த கிளாக் ஸ்பிரிங்காகவோ (ஸ்டீயரிங் திரும்பும்போதும் ஏர்பேக்குக்கு மின் இணைப்பு தரும் சுருள்) இருக்கலாம்.