மூக்குக்குள்ள காத்து எப்படி ஓடுது: கம்ப்யூட்டர்ல ஓட்டிப் பாக்குறது எப்படி

மூச்சு இழுத்தா காத்து நேரா தொண்டைக்குப் போயிடுதுன்னுதான் நிறைய பேர் நினைக்கிறாங்க, ஆனா அது முதல்ல மேல ஏறும், அப்புறம் நேசல் வால்வுன்னு ஒரு இடுக்குல நசுங்கி வேகம் புடிக்கும், அதைத் தாண்டி டர்பினேட் மடிப்புகளுக்கு நடுவுல பிரிஞ்சு ஓடி பின்னாடி வளைஞ்சு கீழ இறங்கும். இதைக் கண்ணால பாக்க நாலு ஃப்ரீ சாப்ட்வேர் போதும்: ஸ்கேன்ல இருந்து வடிவம் எடுக்க த்ரீடி ஸ்லைசர், அந்த வடிவத்தை வெட்டிச் சரிபண்ண பிளெண்டர், காத்தை ஓட்ட ஓப்பன்ஃபோம், ரிசல்ட் பாக்க பாராவியூ.

முதல்ல ஒரு சிடி ஸ்கேன் வேணும், ஸ்லைஸ் தடிமன் 1 மில்லிமீட்டருக்குக் கம்மியா இருக்கணும். இதுக்குன்னு போய் ஸ்கேன் எடுத்துக்காதீங்க, அது எக்ஸ்ரே கதிர். பேர் நீக்கி பொதுவுல வெச்சிருக்குற டேட்டாவே போதும்.

அதிக நேரம் தின்னுறது செக்மென்டேஷன்தான், அதாவது ஸ்கேன்ல காத்துப் பாதையை மட்டும் தனியா பிரிச்செடுக்குறது. சிடில ஒவ்வொரு புள்ளியோட அடர்த்தியைக் காட்டுற அளவு ஹவுன்ஸ்ஃபீல்டு; அதுல காத்தோட மதிப்பு -1000, சதை 0-க்குப் பக்கத்துல. நடுவுல எங்க கோடு போடுறீங்கங்கறதுலதான் மொத்த விஷயமும் இருக்கு. -400-ல போட்டா ஒரு மூக்கு, -600-ல போட்டா அதைவிட ஒடுக்கமான இன்னொரு மூக்கு. மூக்குக்குள்ள இருக்குற சந்தெல்லாம் ஒண்ணு ரெண்டு மில்லிமீட்டர்தான், பிக்சல்ல பாத்தா ரெண்டு மூணு கட்டம், அதுல ஒரு கட்டம் போனாலும் போச்சு. ரெண்டு தட்டுக்கு நடுவுல காத்து சீரா ஓடுதுன்னு வைங்க, இடைவெளி பாதியானா அதே அளவு காத்துக்கு எட்டு மடங்கு அழுத்தம் வேணும். அதனால ஆட்டோமேட்டிக்கா வந்ததை அப்படியே நம்பாம, வால்வு ஏரியாவை ஸ்லைஸ் ஸ்லைஸா கையால சரி பாருங்க. சைனஸ் அறைகளை வெட்டி விட்டுடலாம், அங்க காத்து பெருசா ஓடாது, மெஷ்தான் (கணக்குப் போட வடிவத்தைக் குட்டிக் குட்டி கட்டமா பிரிக்குறது) வீணா பெருசாகும். இன்னொண்ணு, ஸ்கிரீன்ல இடது பக்கம் தெரியுறது அந்த ஆளோட வலது மூக்கு. நான் இதுல ஏமாந்து ஒரு நாள் பூரா தப்பான பக்கத்துக்கு விளக்கம் எழுதிட்டு இருந்தேன்.

அப்புறம் எஸ்டிஎல் ஃபைலா (வடிவத்தோட மேற்பரப்பை மட்டும் வெச்சிருக்குற ஃபைல்) எடுத்து, பிளெண்டர்ல மூக்குத்துவாரம் ரெண்டையும் தொண்டைப் பக்கத்தையும் தட்டையா வெட்டி மூடி, தனித்தனி பேர் குடுங்க. ஸ்மூத் லேசா மட்டும் பண்ணுங்க. ஸ்லைசர் குடுக்குறது மில்லிமீட்டர், ஓப்பன்ஃபோம் அதை மீட்டர்னு எடுத்துக்கும், 0.001-ஆல ஸ்கேல் பண்ண மறந்தா நூறு மீட்டர் கிட்ட நீளத்துக்கு ஒரு மூக்கு கிடைக்கும். மெஷ் போட ஓப்பன்ஃபோம்லயே இருக்குற ஸ்னாப்பிஹெக்ஸ்மெஷ், அதுல குடுக்குற புள்ளி கட்டாயம் காத்துப் பாதைக்குள்ள இருக்கணும், வெளிய வெச்சா மூக்கைச் சுத்தி இருக்குற இடத்துக்கு அழகா மெஷ் போட்டுக் குடுத்துடும். சுவரை ஒட்டி மெல்லிசா மூணு நாலு லேயர் வைங்க. கடைசியா மெஷ்ஷை இன்னும் பொடிசாக்கி திரும்ப ஓட்டுங்க, விடை மாறலேன்னாதான் நம்பலாம்.

சாதாரணமா உக்காந்து மூச்சு இழுக்குறதுக்கு நிமிஷத்துக்கு 15 லிட்டர்னு வெச்சுக்கலாம், அதாவது செகண்டுக்கு 0.00025 கன மீட்டர். இந்த வேகத்துக்கு காத்து சீரா ஓடுதுன்னு வெச்சுக்குற லேமினார் ஃப்ளோவே போதும், பலமா உறிஞ்சுறதைப் பாக்கணும்னா சுழல் சுழலா கலங்குறதையும் கணக்குல எடுக்குற டர்புலன்ஸ் மாடல் வேணும். இந்த அளவை தொண்டைப் பக்கம் இழுக்குற மாதிரி குடுங்க, துவாரம் ரெண்டுலயும் வெளிக்காத்து அழுத்தத்தை மட்டும் வைங்க. ஒவ்வொரு துவாரத்துக்கும் நீங்களே பாதிப்பாதி பிரிச்சுக் குடுத்துட்டா, எந்தப் பக்கம் அடைப்புங்கற கேள்விக்கு நீங்களே விடை எழுதின மாதிரி ஆயிடும். ஓப்பன்ஃபோம்ல இந்தக் கணக்கைப் போடுற சிம்பிள்ஃபோம் காட்டுற அழுத்தம் காத்தோட அடர்த்தியால வகுத்தது, பாஸ்கல் வேணும்னா 1.2-ஆல பெருக்கிக்கங்க.

பாராவியூல ஸ்ட்ரீம் டிரேசர் போட்டு துவாரத்துக்கிட்ட புள்ளிகளைத் தூவினா கோடு கோடா காத்து ஓடும், பாக்க அட்டகாசமா இருக்கும், ஆனா அதுல மயங்காதீங்க. ரெண்டு மூக்கை ஒப்பிடும்போது கலர் ஸ்கேலை ஒரே அளவுல பூட்டி வைங்க, இல்லன்னா ரெண்டுலயும் சிவப்பு தெரியும், அர்த்தம் வேற வேறயா இருக்கும். என்னைக் கேட்டா முன்னாடி இருந்து பின்னாடி வரைக்கும் குறுக்கா பத்து ஸ்லைஸ் வெட்டி ஒவ்வொண்ணுலயும் சராசரி அழுத்தத்தை ஒரு கிராஃபா போடுறதுதான் உருப்படியான படம். கோடு எங்க சடார்னு விழுதோ அங்கதான் இடுக்கு.

ஆனா அந்த ஸ்கேன் ஒரு நிமிஷத்து மூக்கு. சில மணி நேரத்துக்கு ஒரு தடவை ஒரு பக்கம் வீங்கி மறுபக்கம் சுருங்குறது இயல்பு, அதை நோய்னு படிச்சிடக் கூடாது. அழுத்தம் நல்லா இருந்தும் "அடைச்ச மாதிரி இருக்கு"ன்னு சொல்றவங்களும் உண்டு, ஏன்னா காத்து போறதை நாம உணர்றதுல பெரும்பங்கு உள்தோல் குளிர்றதாலதான். மெந்தால் மோந்தா மூக்கு திறந்த மாதிரி இருக்கும், காத்து ஓட்டத்துக்கு இருக்குற எதிர்ப்பை அளந்தா மாறியே இருக்காது, குளிர் உணர்ற நரம்பைத்தான் அது தட்டி விடுது. அதனால வேகம் கிடைச்சதும் அதுமேல வெப்பநிலையையும் ஒரு தடவை ஓட்டி, சுவர்ல எந்த இடம் அதிகமா சூட்டை இழக்குதுன்னு கலர் போட்டுப் பாருங்க.