கல்லூரிச் சிறுகதைப் போட்டிக்கு முதல் கதை: அறிவிப்பைப் படிப்பதிலிருந்து தபாலில் சேர்ப்பது வரை

திருப்பூர்ப் பக்கம் ஒரு சமுதாயக் கல்லூரியில், அதாவது கம்யூனிட்டி காலேஜில், கதை எழுதும் பயிற்சி நடத்தக் கூப்பிட்டிருந்தார்கள். ஆடை தயாரிப்பில் டிப்ளமோ படிக்கிற பிள்ளைகள். பாதிப் பேருக்குக் காலையில் வகுப்பு, மத்தியானத்துக்கு மேல் கம்பெனி. நோட்டீஸ் போர்டில் கல்லூரி மாணவர்களுக்கான படைப்பிலக்கிய விருது ஒன்றின் அறிவிப்பு ஒட்டியிருந்தது. அதைக் காட்டி “யாரெல்லாம் அனுப்பப் போறீங்க?” என்று கேட்டேன். பின்வரிசையில் இருந்த ஒரு பையன் எழுந்து, “இதெல்லாம் தமிழ் எடுத்துப் படிக்கறவங்களுக்குங்க சார், நமக்கில்லைங்க” என்றான். அவனை மனதில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன். நீங்கள் பாலிடெக்னிக், ஐடிஐ, கலைக்கல்லூரி என்று எங்கே படித்தாலும் வழி இதுதான்.

முதல் படி: அறிவிப்பை இரண்டு தரம் படியுங்கள்

முதல் தரம் பரிசுத் தொகையைத்தான் பார்ப்பீர்கள், சரி. இரண்டாம் தரம் பேனாவோடு உட்காருங்கள். கடைசித் தேதி, வார்த்தை அளவு, யார் கலந்துகொள்ளலாம், எப்படி அனுப்ப வேண்டும் என்ற நான்கையும் அடிக்கோடிடுங்கள்.

சமுதாயக் கல்லூரிப் பிள்ளைகளுக்கு ஒரு தனிக் குறிப்பு. இந்த வகைக் கல்லூரி நம் நாட்டில் 1995இல் புதுச்சேரியில் தொடங்கியது. ஆனாலும் போட்டி நடத்துகிற பலருக்குக் கல்லூரி என்றால் பி.ஏ., பி.எஸ்சி. மட்டும்தான் நினைவுக்கு வரும். அமெரிக்காவில் கம்யூனிட்டி காலேஜ் மாணவர்களுக்கென்றே தனியாக எழுத்துப் போட்டிகள் உண்டு. இங்கே பெரும்பாலும் எல்லோருக்கும் பொதுப்போட்டிதான். அதனால் அறிவிப்பில் இருக்கும் எண்ணுக்குக் கூப்பிட்டு, “டிப்ளமோ படிக்கிறவர்கள் அனுப்பலாமா?” என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். பெரும்பாலும் “தாராளமா அனுப்புங்க” என்றுதான் பதில் வரும். கேட்கக் கூச்சப்பட்டு, கதையை எழுதி முடித்த பிறகு குழம்பிக்கொண்டு இருக்காதீர்கள்.

நுழைவுக் கட்டணம் கேட்டு, வந்த கதை எல்லாவற்றையும் தொகுப்பாகப் போட்டு, அந்தத் தொகுப்பில் பத்துப் பிரதியை உங்கள் தலையிலேயே கட்டுகிற ‘போட்டி’களும் இருக்கின்றன. அதில் நீங்கள் எழுத்தாளர் இல்லை, வாடிக்கையாளர். அந்தப் பக்கம் போகாதீர்கள்.

இரண்டாம் படி: கைக்குத் தெரிந்ததை எழுதுங்கள்

இந்தப் படியில்தான் நிறையக் கதைகள் தோற்கின்றன. போட்டிக்கு வந்த கதைகளை முதல் சுற்றில் படித்துப் பிரித்துக் கொடுக்கிற வேலையைச் சில தடவை செய்திருக்கிறேன். கட்டுக்கட்டாக வரும். பிரித்தால் முதியோர் இல்லத்தில் ஒரு தாய், எல்லையில் ஒரு ராணுவ வீரன், சென்னையில் ஐடி கம்பெனிக் காதல். எழுதியவரின் ஊர் பெருந்துறையாக இருக்கும், வெள்ளகோவிலாக இருக்கும். கதைக்குள் அந்த ஊரின் ஒரு தெருக்கூட இருக்காது.

நான் சொன்ன அந்தப் பையனும் கலெக்டர் மகளைக் காதலிக்கிற சென்னைக் கதையோடுதான் வந்தான். சென்னையில் அவன் பார்த்தது கோயம்பேடு பஸ் ஸ்டாண்ட் ஒன்றைத்தான். வீடு சோமனூர்ப் பக்கம், வீட்டை ஒட்டியே தறிக்குடோன். பேச்சுவாக்கில் ஒன்று சொன்னான்: “தறி ஓடற சத்தத்துல தூங்கிருவோமுங்க. கரண்ட் போச்சுன்னா எல்லாரும் முழிச்சுக்குவோம்.” அதுதான் கதை என்றேன். அவன் நம்பவே இல்லை. இதிலெல்லாம் என்ன இருக்கிறது என்ற முகம். அந்த முகத்தை வருடா வருடம் பார்க்கிறேன்.

சரி, எப்படித் தேடுவது? ஒரு நோட்டை எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் வீட்டில் யாருக்காவது கையால் மட்டும் தெரிகிற, வாயால் சொல்லத் தெரியாத வேலை என்ன என்று எழுதுங்கள். தறியில் பாவு நூல் அறுந்தால் கண்ணால் பார்ப்பதற்கு முன்பே விரல் போய் நிற்பது. பவர் டேபிள் தையல் மெஷினில் துணி ஓடும்போது சத்தத்தை வைத்தே ஊசி மழுங்கியதைக் கண்டுபிடிப்பது. மஞ்சள் வேகும் வாசனையில் பதம் தெரிவது. அப்புறம், அந்த வேலையில் ஒரு நாள் என்ன தப்பாகப் போனது என்று யோசியுங்கள். வேலையும் தப்பும் ஒரே இடத்தில் சந்தித்தால் அங்கே ஒரு சிறுகதை கிடைக்கும்.

மூன்றாம் படி: ஒரே மூச்சில் எழுதி, பிறகு வெட்டுங்கள்

முதல் பிரதியைத் திருத்தாமல் எழுதி முடியுங்கள். பேனாவோ போனோ, எது கைக்கு வருகிறதோ அது. கம்பெனி முடிந்து பஸ்ஸில் வரும்போது போனில் எழுதிய கதைகளையும் படித்திருக்கிறேன், நன்றாகவே இருந்தன.

முடித்ததும் இரண்டு நாள் தொடாதீர்கள். மூன்றாம் நாள் எடுத்து, கதை உண்மையில் எந்த வரியில் ஆரம்பிக்கிறது என்று பாருங்கள். அநேகமாக முதல் பக்கத்தில் ஆரம்பித்திருக்காது. கிழக்கு வெளுத்திருக்கும், சேவல் கூவியிருக்கும், நாயகன் எழுந்து பல் துலக்கியிருப்பான். அதையெல்லாம் எடுத்துவிடுங்கள்.

அடுத்தது வாக்கியத் திருத்தம். ஒரு மாணவி எழுதிய பத்தி இப்படி இருந்தது:

“வறுமையின் கோரப்பிடியில் சிக்கித் தவித்த அம்மா, விதியை நொந்தபடி கண்ணீர் வடித்தாள்.”

அவளிடம் நான் கேட்டது மூன்றுதான். அன்றைக்கு என்ன கிழமை? அம்மா கையில் என்ன இருந்தது? வாயைத் திறந்து என்ன சொன்னாள்? பத்து நிமிடம் யோசித்துவிட்டுத் திரும்ப எழுதிக்கொண்டு வந்தாள்:

“சனிக்கிழமை ராத்திரி ஒன்பதரைக்கு அம்மா வந்தாள். தலையெல்லாம் பஞ்சுத்தூசி. சம்பளக் கவரைப் பிரிக்கவில்லை. மேலே பேனாவால் எழுதியிருந்த தொகையை மட்டும் ட்யூப்லைட்டுக்கு நேராகப் பிடித்துப் பார்த்துவிட்டு, அரிசி டப்பாவுக்குள் செருகினாள். ‘ஒன்றரை ஷிப்ட்டுன்னாங்க. ஒரு ஷிப்ட்டுத்தான் போட்டிருக்கறாங்க’ என்றாள், யாரிடம் என்றில்லாமல்.”

இதில் வறுமை என்ற சொல்லே இல்லை. கண்ணீரும் இல்லை. ஆனால் அந்த வீட்டுக்குள் நாம் நிற்கிறோம். உங்கள் கதையிலும் ‘கோரப்பிடி’, ‘இதயம் வெடித்தது’, ‘விதி விளையாடியது’ மாதிரி வருகிற இடங்களை வட்டமிட்டு, ஒவ்வொன்றிடமும் இந்த மூன்று கேள்வியைக் கேளுங்கள்.

முடிவைப் பற்றி ஒன்றே ஒன்று: கடைசிப் பத்தியில் கதைக்கு விளக்கவுரை எழுதியிருந்தால் அடித்துவிடுங்கள்.

நான்காம் படி: நம்ம ஊர்ப் பேச்சு எவ்வளவு?

இது எல்லாப் பயிற்சியிலும் வருகிற சந்தேகம். கொங்குப் பேச்சில் எழுதினால் மதுரைக்கார நடுவருக்குப் புரியுமா? ஆர். சண்முகசுந்தரம் ‘நாகம்மாள்’ நாவலை 1942இல் கொங்குப் பேச்சோடு கொண்டு வந்துவிட்டார். எண்பது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது, இனி நாம் கூச்சப்பட ஒன்றுமில்லை.

புதிதாக எழுதுகிறவர்களுக்கு என் யோசனை: கதை சொல்லும் பகுதி எளிய எழுத்துத் தமிழில் இருக்கட்டும், உரையாடல் ஊர்ப் பேச்சில் இருக்கட்டும். ‘ங்க’வை எல்லா வாயிலும் போட்டுவிடாதீர்கள். ஒறம்பரை வந்தால் “வாங்க, உக்காருங்க” என்பவர், பேரனிடம் “வா சாமி”, “என்ன கண்ணு” என்பார். கூட்டாளிகள் இரண்டு பேர் பேசும்போது ‘ங்க’ காணாமலே போகும். யார் யாரிடம் பேசுகிறார் என்பதை அந்த ஒரு ஒட்டே காட்டிவிடும். அதை எல்லா இடத்திலும் தெளித்தால் சினிமாக் கொங்கு ஆகிவிடும்.

அப்பிச்சி, அம்மிச்சி, கட்டுத்தரை, பொடக்காலி, பொழுதோட மாதிரிச் சொற்களுக்கு அர்த்தம் எழுதிக்கொண்டு இருக்க வேண்டாம். “அப்பிச்சி கட்டுத்தரையில் மாட்டை அவிழ்த்துவிட்டு வந்தார்” என்றால் யாருக்கும் புரியும். ஒரு சொல்லை எப்படி எழுதுவது என்று சந்தேகம் வந்தால் பெருமாள்முருகன் தொகுத்த ‘கொங்கு வட்டாரச் சொல்லகராதி’யைப் புரட்டுங்கள். அதைவிடப் பக்கத்தில் வீட்டுப் பெரியவர்கள் இருக்கிறார்கள்.

ஐந்தாம் படி: பிழை, தட்டச்சு, கோப்பு

ஒற்றுப்பிழைக்குப் பயப்பட வேண்டாம். மூன்று இடத்தை மட்டும் சரிபார்த்தாலே பாதி குறைந்துவிடும். அந்த, இந்த, எந்த என்பதற்குப் பிறகு வரும் வல்லினம்: அந்தப் பையன், இந்தத் தறி. ஐ உருபுக்குப் பிறகு: பையைத் தூக்கினான். கு உருபுக்குப் பிறகு: ஊருக்குப் போனான். மிச்சத்துக்கு நாவி என்ற சந்திப்பிழை திருத்தியும், வாணி என்ற எழுத்துப்பிழை திருத்தியும் இணையத்தில் இருக்கின்றன. அவை சொல்வதை எல்லாம் ஏற்க வேண்டியதில்லை. வட்டாரச் சொல்லைப் பிழை என்று காட்டினால் சிரித்துவிட்டு நகருங்கள்.

குரலில் சொல்லித் தட்டச்சு செய்கிறவர்கள் கட்டாயம் ஒரு தரம் வாசித்துப் பாருங்கள். ஊர்ச் சொல்லைச் சொன்னால் போன் தனக்குத் தெரிந்த வேறொரு சொல்லைப் போட்டுவிடும்.

எழுத்துரு விஷயத்தில் நான் பட்டதைச் சொல்கிறேன். என் முதல் போட்டிக் கதையை ஒரு டிடிபி சென்டரில் கொடுத்து அடித்தேன். அவர்கள் பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடித்து, வேர்டு கோப்பாகக் கொடுத்தார்கள். அப்படியே மின்னஞ்சலில் அனுப்பிவிட்டேன். அங்கே பாமினி இல்லாத கணினியில் திறந்திருக்கிறார்கள். பன்னிரண்டு பக்கமும் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக நின்றிருக்கிறது. நான்கு மாதம் கழித்து விசாரித்தபோதுதான் தெரிந்தது. அதனால் எந்தக் கணினியில் திறந்தாலும் தமிழாகவே தெரிகிற யூனிகோடில் மட்டும் அடியுங்கள். போனில் நீங்கள் வாட்ஸப்பில் அடிக்கிற தமிழ் யூனிகோடுதான். கணினியில் புதிதாகப் பழகுகிறவர்கள் தமிழ்99 விசைப்பலகையில் ஆரம்பியுங்கள், இரண்டு வாரத்தில் கை படிந்துவிடும். அனுப்பும்போது வேர்டு ஒன்று, பிடிஎஃப் ஒன்று என இரண்டாகச் சேர்த்தால் எழுத்துரு தொல்லை இருக்காது.

வார்த்தை அளவிலும் ஒரு சூட்சுமம் உண்டு. கணினி இடைவெளியை வைத்துத்தான் வார்த்தையை எண்ணும். ‘வந்துகொண்டிருந்தான்’ என்று சேர்த்து எழுதினால் ஒன்று, ‘வந்து கொண்டு இருந்தான்’ என்றால் மூன்று. எல்லையைக் கொஞ்சம் தாண்டிவிட்டால், பிரித்து எழுதியவற்றைச் சேர்த்தாலே பல சமயம் உள்ளே வந்துவிடும்.

பெயரைக் கதைக்குள் எங்கேயும் போடக்கூடாது என்று பல போட்டிகளில் விதி இருக்கும். தலைப்புக்குக் கீழே போடாமல் விட்டவர்கள்கூட, கடைசிப் பக்கத்தில் பழக்க தோஷத்தில் கையெழுத்துப் போட்டிருப்பார்கள். அடிக்குறிப்பு, கோப்பின் பெயர், கோப்பின் பண்புகள் பகுதியில் வரும் ஆசிரியர் பெயர் மூன்றையும் பாருங்கள். பெயர், வகுப்பு, கல்லூரி, போன் எண் எல்லாம் தனித்தாளில்.

ஆறாம் படி: சான்றும் தபாலும்

மாணவர் என்பதற்கு போனஃபைட் சான்று கேட்பார்கள். துறைத்தலைவர் கையெழுத்து, முதல்வர் கையெழுத்து, சீல் என்று சுற்றி வர நாலைந்து நாள் ஆகும். இடையில் செமஸ்டர் தேர்வு வந்தால் ஒரு வாரம். கதையை எழுத ஆரம்பிக்கும்போதே சான்றுக்கு எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

சில பழைய அறிவிப்புகளில் ‘பதிவுத் தபாலில் மட்டும் அனுப்பவும்’ என்று இன்னும் அச்சாகிறது. 2025 செப்டம்பர் 1 முதல் பதிவுத் தபால் ஸ்பீடு போஸ்ட்டோடு இணைந்துவிட்டது. அஞ்சலகத்தில் ஸ்பீடு போஸ்ட் என்றே கேளுங்கள். ரசீதைப் போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், அதிலிருக்கும் எண்ணை வைத்து எங்கே போகிறது என்று பார்க்கலாம். ‘கடைசித் தேதிக்குள் வந்து சேர வேண்டும்’ என்பதும் ‘கடைசித் தேதிக்குள் அனுப்ப வேண்டும்’ என்பதும் வேறு வேறு.

ஏழாம் படி: உரிமை

கதையை நீங்கள் எழுதிய நிமிடமே பதிப்புரிமை உங்களுடையது. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி அதற்குப் பதிவு கட்டாயமில்லை. உரிமையை இன்னொருவருக்குக் கொடுப்பதென்றால் எழுத்தில் கையெழுத்தோடு இருக்க வேண்டும். எத்தனை வருடம் என்று அதில் குறிப்பிடாவிட்டால் ஐந்து வருடம் என்றே கொள்ளப்படும். அதனால் உறுதிமொழிப் படிவத்தில் கையெழுத்துப் போடும் முன் படியுங்கள். பரிசுக் கதையைத் தொகுப்பில் வெளியிட அனுமதி கேட்பது நியாயம். பரிசு பெறாத கதைக்கும் சேர்த்து முழு உரிமை கேட்டால் யோசியுங்கள்.

முடிவு வரும்வரை அந்தக் கதையை வேறெங்கும் அனுப்பாதீர்கள். முகநூலில் போட்டாலும் வெளியான கதை என்றே பல போட்டிகளில் கணக்கு. எவ்வளவு நாள் காத்திருப்பது என்பது அறிவிப்பில் இருக்கும். இல்லாவிட்டால் மூன்று மாதம் கழித்துக் கூப்பிட்டுக் கேளுங்கள்.

அந்தச் சோமனூர்ப் பையன் கரண்ட் போன ராத்திரியைத்தான் கடைசியில் எழுதி அனுப்பினான். முடிவு இன்னும் வரவில்லை. போன வாரம் பார்த்தபோது, தறிக்கு நூல்தார் சுற்றுகிற தன் அம்மிச்சியை, அம்மாவைப் பெற்றவளைப் பற்றி அடுத்த கதை என்று நோட்டை நீட்டினான், ஏழு பக்கம். ஐந்தாம் பக்கத்தில்தான் அம்மிச்சி வருகிறாள். அங்கிருந்து ஆரம்பிக்கச் சொல்லிவிட்டு வந்தேன்.