மல்லாட்டையும் புளியங்கொட்டையும் வைத்து ஒரு புள்ளியியல் வகுப்பு

கணக்குப் புத்தகத்தில் புள்ளியியல் பெரும்பாலும் கடைசிப் பக்கங்களில்தான் இருக்கும். பரீட்சை அவசரத்தில் சூத்திரத்தைக் கொடுத்து, நாலு கணக்குப் போட்டு முடித்துவிடுகிறோம். பிள்ளைகள் முதலில் தங்கள் கையால் தரவைத் திரட்டட்டும், சூத்திரம் அப்புறம் வரட்டும் என்பது என் கட்சி. கடலூர் பக்கம் அதற்குச் செலவும் அதிகம் ஆகாது. அவித்த மல்லாட்டை (வேர்க்கடலைதான்) அரைக் கிலோ, கொஞ்சம் புளியங்கொட்டை, சாக்பீஸ். அவ்வளவுதான்.

படி 1: எண்ண வையுங்கள்

ஆளுக்கு ஒரு கைப்பிடி மல்லாட்டை கொடுங்கள். ஒவ்வொரு காயிலும் எத்தனை பருப்பு என்று உடைத்துப் பார்த்துக் குறிக்க வேண்டும். நான்கு கோடு, ஐந்தாவது குறுக்கே. எண்ணி முடிக்கும்வரை தின்னக் கூடாது என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் தரவு வயிற்றுக்குள் போய்விடும்.

கொஞ்ச நேரத்தில் ஒரு குரல் வரும்: “சார், சூம்பிப்போன பருப்பைச் சேர்க்கலாமா?” நீங்கள் பதில் சொல்லாதீர்கள். வகுப்பே பேசி முடிவெடுக்கட்டும், அதைக் கரும்பலகையில் எழுதுங்கள். எதை எண்ணுகிறோம் என்று தீர்மானிக்காமல் எண்ணினால் ஆளுக்கொரு விடைதான் வரும். சராசரியை விட முக்கியமான பாடம் இது.

படி 2: அட்டவணை

உதாரணத்துக்கு 30 காய் என்று வைத்துக்கொள்வோம். ஒரு பருப்பு 4 காய், இரண்டு பருப்பு 20, மூன்று பருப்பு 6. மொத்தம் 62 பருப்பு. 30-ஆல் வகுத்தால் கூட்டுச் சராசரி சுமார் 2.07. “இத்தனை பருப்புள்ள காயை யாராவது பார்த்தீர்களா?” என்று கேளுங்கள். அதிகம் வந்தது 2, அதுதான் முகடு. பட்டை வரைபடத்தையும் அப்போதே வரையச் சொல்லுங்கள்.

படி 3: சராசரி எப்போது ஏமாற்றும்?

மஞ்சக்குப்பத்திலிருந்து பள்ளிக்கு வரும் ஆறு பேருக்கு ஆகும் நிமிடங்கள் 5, 8, 10, 10, 12, 15. சராசரி 10. இப்போது பண்ருட்டியிலிருந்து பஸ்ஸில் 60 நிமிடம் பயணம் செய்யும் ஒரு மாணவியைச் சேருங்கள். சராசரி 17-க்குத் தாவிவிடும். ஏழு பேரில் ஆறு பேர் அதற்குள் வகுப்பில் உட்கார்ந்திருப்பார்கள்! வரிசைப்படுத்தி நடுவில் இருப்பதைப் பார்த்தால் இடைநிலை அளவு அதே 10.

நம்மூர் மழையும் இப்படித்தான். பெரும்பகுதி அக்டோபர் முதல் டிசம்பருக்குள் கொட்டிவிடும். ஆண்டு மழையை 12-ஆல் வகுத்தால் கிடைக்கும் மாத சராசரியை நம்பிக் குடை வாங்க முடியாது.

படி 4: நிகழ்தகவு

நாணயத்தைத் தொடாதீர்கள். பாதிக்குப் பாதி என்ற விடை பிள்ளைகளுக்கு முன்பே தெரியும், அதனால் சுண்டுவதில் சுவாரசியம் இருக்காது. தாயம் ஆட உரசுவது போல, புளியங்கொட்டையின் ஒரு பக்கத்தை மட்டும் சிமென்ட் தரையில் வெள்ளையாகும்வரை தேய்க்கச் சொல்லுங்கள். உருட்டினால் வெள்ளை மேலே விழ என்ன வாய்ப்பு? யாருக்கும் தெரியாது, உங்களுக்கும்தான். உருட்டித்தான் பார்க்க வேண்டும்.

இரண்டிரண்டு பேராக, ஒரே கொட்டையை 20 முறை உருட்டிக் குறிக்கட்டும். வெள்ளை விழுந்ததை 20-ஆல் வகுத்தால் அந்தக் கொட்டையின் பட்டறி நிகழ்தகவு. ஜோடிக்கு ஜோடி விடை மாறும். கொட்டையின் வடிவம் ஒரு காரணம், 20 முறை போதாதது இன்னொன்று. எது எவ்வளவு என்று பிரிக்க, ஒரு கொட்டையை மட்டும் எடுத்து வகுப்பு முழுவதும் மாறி மாறி 200 முறை உருட்டுங்கள். பத்து உருட்டலுக்கு ஒருமுறை, அதுவரையான விகிதத்தை வரைபடத்தில் புள்ளியாக வையுங்கள். தொடக்கத்தில் கோடு ஏறி இறங்கும், போகப் போக ஆட்டம் அடங்கும். இதற்குக் கணித மேதை யாக்கோபு பெர்னூலி எழுதிய நிரூபணம் அவர் இறந்து எட்டு ஆண்டு கழித்து, 1713-ல்தான் அச்சேறியது.

இடையில் ஒருவன் நிச்சயம் சொல்வான்: “நாலு தடவை கருப்பு விழுந்தாச்சு, அடுத்தது வெள்ளைதான்.” மறுக்க வேண்டாம். குறித்து வைத்த தாளில் நான்கு கருப்பு சேர்ந்து வந்த இடங்களைத் தேடி, அடுத்து என்ன விழுந்தது என்று அவனையே எண்ணச் சொல்லுங்கள்.