நம்ம ஊர்க் கூடத்தில் ஓவிய, மரச்சிற்பக் கண்காட்சி வைப்பது எப்படி

கிருஷ்ணகிரி மாவட்டம் பர்கூர் பக்கம் மல்லப்பாடியில் பழங்கால மனிதர்கள் பாறையில் வெள்ளை நிறத்தில் வரைந்து வைத்துவிட்டுப் போன மண் இது. ஆனாலும் இன்றைக்கு ஒருவர் நன்றாக வரைந்தால் பெங்களூருக்குப் போ, சென்னைக்குப் போ என்றுதான் சொல்கிறோம். முதலில் நம்ம ஊர்க்காரர்கள் பார்க்கட்டும். அதற்கு ஒரு சமுதாயக் கூடம் போதும், ஆனால் படைப்பு ஒழுங்காகக் கண்ணில் படும்படி வைக்க வேண்டும்.

கூடத்தை முகூர்த்த மாதத்தில் தேடாதீர்கள். ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் இருக்காது, கூடம் சும்மா கிடக்கும், வாடகையும் பேசிக் குறைக்கலாம். தர்மபுரி என்றால் ஆடிப்பெருக்கை ஒட்டி வையுங்கள், ஒகேனக்கல் போகிற கூட்டத்தில் கொஞ்சம் பேராவது இறங்கிப் பார்ப்பார்கள். கிருஷ்ணகிரி என்றால் மாங்கனிக் கண்காட்சி நடக்கும் நாட்கள் நல்லது. ஒன்று மட்டும், ஆடிக் காற்றில் அம்மியே நகரும், அதனால் சன்னல் ஓரத்தில் மாட்டும் படத்துக்குக் கீழ் மூலைகளையும் சேர்த்துக் கட்டிவிடுங்கள்.

சுவரில் ஆணி அடிக்க விடமாட்டார்கள். பந்தல்காரரிடம் சவுக்குக் கம்பில் சட்டம் கட்டச் சொல்லி, பிளைவுட் பலகை நிறுத்தி, மேலே வெள்ளைக் காடாத் துணி இழுத்துக் கட்டுங்கள். கல்யாணத்துக்குப் போடுகிற கலர் துணி வேண்டாம், அது படத்தின் நிறத்தைக் கொன்றுவிடும். தரையிலிருந்து சுமார் 150 செ.மீ. உயரத்தில் படத்தின் நடுப்பகுதி வரட்டும். சின்னப் படம், பெரிய படம் எல்லாமே அந்த ஒரே நடுக்கோட்டில் நிற்க வேண்டும், மேல் விளிம்பைச் சமமாக்க முயலாதீர்கள். இடம் போதவில்லை என்றால் படத்தைக் குறையுங்கள், நெருக்காதீர்கள்.

மரச்சிற்பத்துக்கு இன்னும் கவனம் தேவை. இங்கே பழைய மாந்தோப்புகளை வெட்டும்போது நல்ல கட்டைகள் கிடைக்கும், ஆசைப்பட்டு ஈரத்தோடு செதுக்கினால் கண்காட்சி முடிவதற்குள் பிளந்து நிற்கும். ஒரு அங்குலப் பலகை காய ஏறக்குறைய ஒரு வருஷம் என்பது பொதுக் கணக்கு. வெட்டிய உடனே இரண்டு முனைகளிலும் மெழுகோ பெயின்டோ பூசி, நிழலில் அடுக்குங்கள். கனமான உருவமாக இருந்தால் பின்பக்கத்தைக் குடைந்து எடுத்துவிட்டால் வெடிப்பு குறையும். மாமரத்தில் வண்டு சீக்கிரம் விழும், அதனால் செதுக்கும் முன்பே வெங்காரமும் (போராக்ஸ்) போரிக் ஆசிடும் கலந்த கரைசல் பூசிவிடுவது நல்லது. சிற்பத்துக்கு அடியில் மாவு மாதிரி தூள் கொட்டிக் கிடந்தால் அந்தச் சிற்பத்தைக் கூடத்துக்குள் கொண்டுவரவே கூடாது, பக்கத்தில் இருப்பவரின் வேலைக்கும் வண்டு பரவிவிடும். சந்தனக் கட்டை என்றால் வனத்துறைக் காகிதங்கள் கையில் இருக்க வேண்டும்.

சிற்பத்தைச் சுவரோரம் வரிசையாக நிறுத்துவது எனக்குப் பிடிக்கவே பிடிக்காது. சுற்றி வந்து பார்த்தால்தான் அது சிற்பம், எனவே நாலு பக்கமும் மூன்றடியாவது விடுங்கள். பீடத்துக்கு பிளைவுட் பெட்டி போதும், ஆனால் உள்ளே மணல் மூட்டை வைத்துக் கனமாக்குங்கள், குழந்தைகள் கட்டிப்பிடிக்காமல் இருக்கமாட்டார்கள். ஒரே ஒரு சிற்பத்தையாவது "தொட்டுப் பாருங்கள்" என்று எழுதி வையுங்கள்.

வெளிச்சத்தில்தான் பாதி வேலை இருக்கிறது. தலைக்கு மேல் ட்யூப்லைட் மட்டும் எரிந்தால் உளி பட்ட இடமெல்லாம் தட்டையாகிவிடும். ஒரு பக்கம் சாய்வாக ஒரு எல்இடி ஃபோகஸ் லைட், எதிர்ப்பக்கம் அதைவிட மங்கலாக ஒன்று, அப்போதுதான் குழியும் மேடும் தெரியும். ஓவியத்துக்கு மேலிருந்து சுமார் 30 டிகிரி சாய்வில் விழட்டும், கண்ணாடி போட்ட படமாக இருந்தால் எதிரே நின்று பார்த்துக் கூசுகிறதா என்று சோதியுங்கள். நீர்வண்ண ஓவியம் வெயில் படும் இடத்தில் வேண்டவே வேண்டாம்.

அப்புறம், தெருக்கூத்துக்குக் கண்ணாடி பதித்த மரக் கட்டைகள், கிரீடம், தோளில் அணியும் புஜகட்டை செய்கிறவர்களையும் அழையுங்கள். அவர்களும் மரச்சிற்பிகள்தான், கண்காட்சிப் பட்டியலில் அவர்கள் பெயர் வராமல் போவது அநியாயம்.

அட்டையில் கலைஞர் பெயர், தலைப்பு, என்ன மரம் அல்லது என்ன வண்ணம், அளவு, வருஷம், விலை எல்லாம் தமிழில் பெரிதாக. ஓசூர் என்றால் கன்னடத்திலும் தெலுங்கிலும் ஒரு வரி சேருங்கள். விலையை மறைக்காதீர்கள், கேட்கக் கூச்சப்பட்டே திரும்பிப் போகிறவர்கள் அதிகம். விற்றால் கூடத்துக்கோ குழுவுக்கோ எவ்வளவு சதவீதம் என்பதைத் தொடங்கும் முன்பே எழுதிக் கையெழுத்து வாங்குங்கள், பணம் கலைஞரின் யுபிஐக்கே நேராகப் போனால் பாதிப் பிரச்சினை வராது. விற்ற படைப்பில் சிவப்புப் பொட்டு ஒட்டுங்கள், ஆனால் கடைசி நாள் வரை எடுத்துக் கொடுக்காதீர்கள்.

கட்டும்போது பபிள் ராப்பை வண்ணத்தின் மேல் நேராகச் சுற்ற வேண்டாம், அச்சு விழும். முதலில் பட்டர் பேப்பர், பிறகுதான் அது. வண்டியில் படங்களை முகத்துக்கு முகம் பார்க்கும்படி நிமிர்த்தி, நடுவில் அட்டை வைத்து அடுக்குங்கள். சிற்பத்தைத் தூக்கும்போது கையையோ மூக்கையோ பிடிக்காமல் அடிப்பாகத்தைப் பிடிக்கச் சொல்லி, ஏற்றுகிறவர்களிடம் முன்கூட்டியே காட்டிவிடுங்கள்.