நாய் ஷோவில் ரேங்கிங் புள்ளி போடுவது எப்படி?

முத்தியால்பேட்டையில் நாய்களுக்கு முடி வெட்டிக் குளிப்பாட்டி அனுப்பும் கடை வைத்திருக்கிறேன். சென்னையில் ஷோ முடிந்த மறுநாள் கடையில் ஒரு பஞ்சாயத்து நிச்சயம். "அண்ணே, என் கோல்டன் ரெட்ரீவர் குரூப்ல ரெண்டாவது. மொத்தம் 40 நாய். முதல்ல வந்தது ஒண்ணு, என்னது ஒண்ணு. அப்போ எனக்கு 38 புள்ளிதானே?" இல்லை தம்பி, 25தான். எப்படி என்று சொல்கிறேன். குரூப் என்றால் பல இனங்களைச் சேர்த்த ஒரு தொகுதி; ஒவ்வொரு இனத்திலும் முதலில் வந்த நாய் மட்டும் அந்த இனத்துக்காக அங்கே போட்டியிடும்.

அதற்கு முன்னால், பட்டம் வாங்கும் கணக்கையும் ரேங்கிங் (வருஷத் தரவரிசைப் பட்டியல்) கணக்கையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்ளாதீர்கள். அமெரிக்கன் கென்னல் கிளப்பில் சாம்பியன் பட்டத்துக்கு 15 புள்ளி வேண்டும். எவ்வளவு பெரிய ஷோவாக இருந்தாலும் ஒரு ஷோவில் 5 புள்ளிக்கு மேல் கிடையாது. நம் நாட்டில் சாம்பியன் பட்டம் சேலஞ்ச் சர்ட்டிபிகேட், அதாவது ஷோவில் ஜட்ஜ் தரும் தகுதிச் சான்றிதழை வைத்து வருவது. தகுதி போதாது என்று ஜட்ஜ் நினைத்தால் அதைத் தராமலும் விடலாம். பட்டம் ஒருமுறை வாங்கினால் முடிந்தது. ரேங்கிங் அப்படியில்லை, அதற்கு உச்சவரம்பே கிடையாது. நீங்கள் எத்தனை நாயை ஜெயித்தீர்களோ அத்தனை புள்ளி. அமெரிக்கன் கென்னல் கிளப்பின் ரேங்கிங் இந்த அடிப்படையில்தான் ஓடுகிறது, நான் சொல்லப்போவதும் அதைத்தான். வேறு யாராவது பட்டியல் போட்டால் அவர்களுடைய விதியை வாங்கிப் படித்துவிட்டுக் கணக்குப் போடுங்கள்.

சண்டை பெரும்பாலும் எண்ணிக்கையில்தான் வரும். கேட்டலாக்கில் (பெயர் கொடுத்த நாய்களின் பட்டியல் புத்தகம்) அச்சான எண்ணிக்கை செல்லாது. ரிங்குக்குள், அதாவது போட்டிக் களத்துக்குள் வந்து போட்டியிட்ட நாய்தான் கணக்கு. பணம் கட்டியிருப்பார்கள், வழியில் காரிலேயே நாய் வாந்தி எடுத்திருக்கும், திரும்பிப் போயிருப்பார்கள். அந்த நாயை எண்ணக் கூடாது. ஜட்ஜ் வெளியே அனுப்பிய நாயும் அப்படியே. அதனால் ரிங் பக்கத்தில் உட்காரும்போதே கையில் பென்சில் இருக்கட்டும். பேனா வேண்டாம், வராது என்று நினைத்த நாய் கடைசி நிமிஷத்தில் ஓடி வரும். வராத எண்ணை அடித்துவிட்டு, அந்த இனத்தின் பெயருக்கு நேராக ஓரத்தில் வந்தவை எத்தனை என்று எழுதுங்கள். ஏற்கெனவே சாம்பியன் ஆன நாய்களையும் சேர்க்க வேண்டும். ஒரே நாய் இரண்டு வகுப்பில் நின்றிருந்தால் ஒன்றுதான்.

சரி, இப்போது கணக்கு. ஒரு குரூப்பில் 40 நாய் என்று வைத்துக்கொள்வோம்: லேப்ரடார் 14, கோல்டன் 12, காக்கர் 8, மற்றவை 6. பெஸ்ட் ஆஃப் ப்ரீட் (இனத்தில் முதலிடம்) வாங்கிய லேப்ரடார் தன் இனத்தில் 13 நாயை ஜெயித்தது, அதற்கு இனப் புள்ளி 13. அதுவே குரூப்பிலும் முதலில் வந்தால், தன்னைத் தவிர 39.

இரண்டாவது வந்த கோல்டனுக்குத்தான் தகராறு. அது தோற்றது ஒரு லேப்ரடாரிடம்தான், ஆனால் அந்த ஒன்று 14 லேப்ரடாருக்கும் பிரதிநிதியாக வந்து நின்றது. அதனால் 14 மொத்தமும் கழியும். 40இல் 14 போனால் 26, தன்னையும் கழித்தால் 25. மூன்றாவது வந்த காக்கருக்கு லேப்ரடாரும் கோல்டனும் சேர்ந்து கழியும்: 40இல் 26 போக 14, தன்னை விட்டால் 13. நான்காவது இடத்துக்கும் இதே வழி, முன்னால் நிற்கும் மூன்று இனங்களையும் கழியுங்கள்.

மொத்த ஷோவுக்கு 180 நாய் வந்து, நம் லேப்ரடாரே பெஸ்ட் இன் ஷோ (மொத்த ஷோவிலும் முதலிடம்) வாங்கினால் 179. குரூப்பில் கிடைத்த 39ஐ இதோடு கூட்டி 218 என்று போடுகிறார்கள் பாருங்கள், அங்கேதான் எனக்குக் கோபம் வரும். அந்த 39 நாயும் 179க்குள்ளேயே இருக்கிறதே! ஒரே நாயை இரண்டு தடவை எப்படி ஜெயிப்பது?

ஒரே வாரக்கடைசியில் இரண்டு ஷோ நடந்தால் ஒவ்வொன்றுக்கும் தனிக் கணக்கு. சனிக்கிழமை வந்த நாய் ஞாயிற்றுக்கிழமை வராமல் போகலாம், அதனால் எண்ணிக்கையையும் புதிதாக எடுக்க வேண்டும்.

அப்புறம், இனப் பட்டியல் வேறு, எல்லா இனங்களுக்குமான பட்டியல் வேறு. வில்லியனூரிலிருந்து ஒருவர் ராஜபாளையத்தைக் கொண்டுவருவார். பல ஷோக்களில் அந்த இனத்தில் அவருடையது மட்டும்தான் நிற்கும். ஜெயிக்க ஆளில்லை, இனப் புள்ளி பூஜ்யம். ஆனால் 30 நாய் உள்ள குரூப்பில் அது முதலிடம் வந்தால் இரண்டாவது பட்டியலில் 29 ஏறிவிடும். லேப்ரடார்காரர்களுக்கு நேர் எதிர்: குரூப்பில் ஒன்றும் கிடைக்காவிட்டாலும் பெஸ்ட் ஆஃப் ப்ரீட் வாங்கினாலே இனப் பட்டியலில் நன்றாகச் சேரும். அதனால் யாராவது தன் நாய் "ரேங்கிங்கில் முதலிடம்" என்று சொன்னால், எந்தப் பட்டியல், எந்த வருஷம் என்று நான் கேட்டுவிடுவேன். குட்டி வாங்கப் போகிறவர்கள் கட்டாயம் கேளுங்கள், விலை அதை வைத்துத்தான் சொல்வார்கள்.