தம்பி எடுத்துப்போன கார் இடிபட்டு வந்தால்: கணக்கும் பேச்சும்

தம்பியோ மச்சானோ ஒரு நாளைக்கு என்று காரை வாங்கிக்கொண்டு போகிறார். திரும்பி வரும்போது முன்பக்கம் நசுங்கியிருக்கிறது. வாசலிலேயே அவர் "நான் பார்த்துக்கிறேன்" என்கிறார், நீங்கள் "பரவாயில்லை விடு" என்கிறீர்கள். பத்து நாள் கழித்து ஒர்க்‌ஷாப் பில் வந்ததும் இரண்டு பேச்சுமே வம்பாகிவிடும். எஸ்டிமேட் கைக்கு வரும்வரை எந்த வாக்கும் கொடுக்காதீர்கள், எதையும் மன்னித்தும் விடாதீர்கள். "யாருக்கும் அடிபடலையே? மத்ததை நாளைக்குப் பேசிக்கலாம்" என்பது அன்றைக்குப் போதும்.

அன்றைக்கே செய்யவேண்டிய வேலை வேறு இருக்கிறது. நாலு பக்கமும், இடிபட்ட இடத்தைக் கிட்டத்திலும், நம்பர் பிளேட் தெரியும்படியும், கிலோமீட்டர் மீட்டரையும் படம் எடுங்கள். எங்கே, எத்தனை மணிக்கு, எதில் மோதியது என்பதை ஓட்டியவரையே வாட்ஸ்அப்பில் நாலு வரி எழுதி அனுப்பச் சொல்லுங்கள். ஞாபகம் தெளிவாக இருக்கும் அன்றே வாங்கிவிட வேண்டும். பழைய கீறல்களைத் தனியாகக் குறித்துவையுங்கள். இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் உடனே தகவல் சொல்லிவிடுங்கள். அவர்கள் பார்ப்பதற்குள் பம்பரைக் கழற்றினாலோ டிங்கரிங் தொடங்கினாலோ க்ளெய்ம் சிக்கலாகும்.

அடுத்து பாலிசியைப் பாருங்கள். தேர்ட் பார்ட்டி (அடுத்தவருக்கு ஆகும் நஷ்டத்துக்கானது) மட்டும் என்றால் உங்கள் காரின் சேதத்துக்கு ஒரு ரூபாயும் வராது, முழுச் செலவும் குடும்பத்துக்குள்தான். காம்ப்ரிஹென்சிவ் (உங்கள் காரின் சேதத்துக்கும் சேர்த்து எடுத்தது) என்றால், உங்கள் சம்மதத்தோடு ஓட்டியவரிடம் அந்த வகை வண்டிக்கான செல்லுபடியாகும் லைசென்ஸ் இருந்து, அவர் குடித்தும் இருக்கவில்லை என்றால், க்ளெய்ம் நிற்கும். "ஓனர் ஓட்டலையே, பணம் வராது" என்று சொந்தக்காரர்கள் சொல்வது தவறு. ஆனால் ஓனர்-டிரைவருக்கான 15 லட்ச ரூபாய் தனிநபர் விபத்துக் காப்பீடு உங்களுக்கு மட்டும்தான். ஓட்டிய தம்பிக்கு அடிபட்டிருந்தால் அதில் அவருக்குப் பங்கு இல்லை.

இங்கேதான் பலர் தப்பு செய்கிறார்கள். தம்பியின் லைசென்ஸ் காலாவதியாகியிருக்கும், க்ளெய்ம் ஃபாரத்தில் "நான்தான் ஓட்டினேன்" என்று அண்ணன் எழுதிவிடுவார். சிசிடிவி, டோல்கேட் பதிவு, ஆஸ்பத்திரியில் போட்ட விபத்துப் பதிவு, இதில் ஏதாவது ஒன்று போதும், பொய் வெளியே வர. அதோடு க்ளெய்மும் போகும், மோசடி என்ற பேரும் சேரும். வேறு யாருக்காவது காயம் பட்டிருந்து, ஓட்டியவருக்கு லைசென்ஸ் இல்லை என்றால், கம்பெனி காயம் பட்டவருக்குப் பணம் கொடுத்துவிட்டு அதை உங்களிடம் வசூலிக்க வர முடியும். ஓட்டியது பதினெட்டு வயது நிரம்பாத பிள்ளை என்றால் கதையே வேறு. மோட்டார் வாகனச் சட்டம் 199ஏ பிரிவின்படி பெற்றோருக்கோ வண்டி உரிமையாளருக்கோ மூன்று ஆண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு. அப்போது பம்பரை மறந்துவிட்டு வக்கீலைப் பாருங்கள்.

க்ளெய்ம் போடுவதா வேண்டாமா

இந்தக் கணக்கைப் போடாமல்தான் பாதிச் சண்டை வருகிறது. மூன்றரை வருட கார், என்ஜின் 1500 சிசிக்குள், இதுவரை க்ளெய்ம் எடுத்ததில்லை என்று வைத்துக்கொள்வோம். எஸ்டிமேட் இப்படி: பம்பர் 8,000, ஹெட்லைட் 7,000, ஃபெண்டர் 5,000, பெயிண்டிங் 8,000, கூலி 4,000. மொத்தம் 32,000 ரூபாய்.

கம்பெனி இதில் தேய்மானம் கழிக்கும். பிளாஸ்டிக், ரப்பர் பாகங்களுக்குப் பாதி போய்விடும். அதனால் பம்பரில் 4,000, ஹெட்லைட்டில் 3,500 வெட்டு. தகரப் பாகத்துக்கு வண்டியின் வயதுப்படி வெட்டு: மூன்று முதல் நான்கு வருடத்துக்கு 25 சதவீதம், அதாவது ஃபெண்டரில் 1,250. பெயிண்டிங் பில்லில் கால்வாசியைப் பொருள் செலவாக எடுத்து அதில் பாதியைக் கழிப்பார்கள், அது 1,000. கட்டாயக் கழிவு, அதாவது க்ளெய்மில் நீங்களே ஏற்கவேண்டிய தொகை, இன்னொரு 1,000. ஆக 10,750 கைக்காசு, 21,250 கம்பெனிப் பணம். கண்ணாடிக்குத் தேய்மானம் கிடையாது. ஜீரோ டெப் (தேய்மானம் கழிக்காத கூடுதல் கவர்) எடுத்திருந்தால் பாக வெட்டு எல்லாம் போய், கைக்காசு பெரும்பாலும் அந்த 1,000-த்தோடு நின்றுவிடும்.

இத்தோடு முடிந்தது என்று நினைத்தால் தப்பு. ஒரே ஒரு க்ளெய்ம் எடுத்தாலும் நோ க்ளெய்ம் போனஸ், அதாவது க்ளெய்ம் எடுக்காத வருடங்களுக்காகப் பிரீமியத்தில் கிடைக்கும் தள்ளுபடி, பூஜ்யத்துக்கு இறங்கும். இந்தக் காருக்கு அடுத்த ரின்யூவலில் 45 சதவீதம், அதன் பிறகு வருடா வருடம் 50 சதவீதம் கிடைத்திருக்கும். க்ளெய்முக்குப் பிறகு 0, 20, 25, 35, 45 என்று மறுபடி ஏறவேண்டும். சொந்த சேதத்துக்கான பிரீமியம் 10,000 என்று அப்படியே வைத்தால், ஐந்து வருடத்தில் நழுவும் தள்ளுபடி 4,500, 3,000, 2,500, 1,500, 500, மொத்தம் 12,000 ரூபாய். வண்டி பழசாகப் பிரீமியம் இறங்கும், அதனால் நிஜத்தில் கொஞ்சம் குறையும்.

ஆக க்ளெய்ம் போட்டால் 10,750-ம் 12,000-மாக 22,750. போடாவிட்டால் 32,000. போடுவது லாபம். இதே கார் பம்பர், பெயிண்ட், கூலி மட்டும் சேர்ந்து 12,000 ரூபாய் வேலை என்றால், கம்பெனியிடமிருந்து ஏழாயிரம் எட்டாயிரம் வாங்கிக்கொண்டு 12,000 ரூபாய் தள்ளுபடியை இழப்பீர்கள். அப்போது க்ளெய்ம் பக்கமே போகவேண்டாம். ஒர்க்‌ஷாப்காரர் "இன்சூரன்ஸ்ல போட்டுடலாம் சார்" என்பார், நழுவும் தள்ளுபடி அவர் பாக்கெட்டிலிருந்து போவதில்லை.

தம்பியிடம் எவ்வளவு கேட்பது

மேலே சொன்ன கணக்கில் நியாயமான தொகை 10,750-ம் நழுவிய தள்ளுபடியும்தான். தள்ளுபடியைப் பலர் விட்டுவிட்டு, அடுத்த வருட ரின்யூவல் நோட்டீஸைப் பார்த்ததும் மனதுக்குள் பொருமுவார்கள். முதலிலேயே சொல்லிவிடுங்கள். இன்னொரு பக்கமும் உண்டு. பம்பர் ஏற்கெனவே கீறிக் கிடந்தது, கதவில் போன வருடத்து நசுங்கல் இருந்தது என்றால், அவற்றைத் தம்பி தலையில் கட்டாதீர்கள். பழைய வேலைக்கும் புது வேலைக்கும் தனித்தனி எஸ்டிமேட் கேட்டால் ஒர்க்‌ஷாப்பில் எழுதித் தருவார்கள்.

பேச்சை அவரோடு நேரில், தனியாக வையுங்கள். குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் பில்லின் படத்தைப் போட்ட நிமிடம் பேச்சு காரை விட்டுவிட்டு, பத்து வருடத்துக்கு முந்தைய கல்யாணச் சீருக்குப் போய்விடும். அவர் மனைவியிடம் கேட்பது அதைவிட மோசம். "எஸ்டிமேட் இதோ. இன்சூரன்ஸ் போக என் கையிலிருந்து 10,750 போகுது, அடுத்த வருஷப் பிரீமியமும் ஏறும். நீ எவ்வளவு, எப்போ தர முடியும்?" என்று தாளை முன்னால் வைத்துக் கேட்டால் போதும். பதில் வரும்வரை பேசாமல் இருங்கள். மூன்றாவது ஆள் வேண்டும் என்றால் இருவரும் மதிக்கிற தாய்மாமாவோ பெரியப்பாவோ ஒருவர் மட்டும்.

தவணை என்றால் தேதியும் தொகையும் மெசேஜில் எழுதி, அவர் "சரி" என்று பதில் போட்டால் சின்னத் தொகைக்குப் போதுமானது. பெரிய தொகைக்குப் புரோநோட்டு எழுதி, ரெவென்யூ ஸ்டாம்ப் மேல் படும்படி கையெழுத்து வாங்குங்கள். வழக்குப் போடும் காலக்கெடு மூன்று வருடம்.

வேண்டுமென்றே உடைத்தால்

கோபத்தில் கண்ணாடியை உடைப்பது, டயரைக் கிழிப்பது விபத்து அல்ல. பாரதிய நியாய சன்ஹிதா (பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்தது) 324-ஆம் பிரிவில் இதற்குத் தண்டனை உண்டு: சாதாரணமாக ஆறு மாதம் வரை, சேதம் 20,000 முதல் ஒரு லட்சத்துக்குள் என்றால் இரண்டு ஆண்டு வரை, ஒரு லட்சமும் அதற்கு மேலும் என்றால் ஐந்து ஆண்டு வரை. "பொதுச் சொத்து, என் பங்கும் இருக்கு" என்பது தப்பிக்கும் வழி இல்லை, கூட்டுச் சொத்தைச் சேதப்படுத்தினாலும் இந்தக் குற்றம் பொருந்தும். தெரியாமல் இடித்ததற்கு இந்தப் பிரிவு வராது. அதனால் வெறும் விபத்தை ஸ்டேஷனில் "வேணும்னே பண்ணினான்" என்று எழுதாதீர்கள். புகார் கொடுத்தால் அதைப் பெற்றுக்கொண்டதற்கான சிஎஸ்ஆர் ரசீது கேட்டு வாங்குங்கள். ஆனால் பணத்தை வசூலித்துக் கொடுப்பது போலீஸ் வேலை அல்ல.

பெண்களுக்குக் கணவரோ கணவர் வீட்டாரோ பொருளை உடைப்பது வழக்கமாகிவிட்டால் 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டமும் 181 உதவி எண்ணும் இருக்கின்றன. பிள்ளைகளால் சொத்துச் சேதமாகும் முதியவர்களுக்கு உதவி எண் 14567.

பணம் மட்டும்தான் பிரச்சினை என்றால் வழக்குப் போடும் முன்பே மாவட்ட அல்லது தாலுகா சட்டப் பணிகள் குழுவில் மனு கொடுத்து லோக் அதாலத்தில் (மக்கள் நீதிமன்றம்) பேசி முடிக்கலாம். தகவலுக்கு 15100. பெண்களுக்கு வருமானம் பார்க்காமலே இலவச வக்கீல் உண்டு. அங்கே இருவரும் ஒத்துக்கொண்டு கிடைக்கும் தீர்வு சிவில் கோர்ட் டிக்ரிக்கு (தீர்ப்பாணை) சமம், அப்பீல் கிடையாது. எழுதும்போது மொத்தத் தொகையோடு ஒவ்வொரு தவணைத் தேதியையும், ஒன்று தவறினால் மீதி முழுவதையும் ஒரேயடியாகக் கேட்கலாம் என்பதையும் சேர்க்கச் சொல்லுங்கள். அந்த வரி விட்டுப்போனால் தவறிய ஒவ்வொரு தவணைக்கும் தனித்தனியாக கோர்ட் படி ஏறவேண்டி வரும்.